அப்பாவுக்கு டிப்ரஷன் இருந்தா பொண்ணுக்கும் வருமா? வரன் பாக்குற எடத்துல சொல்லணுமா?

தறிச்சத்தம் (கோவை)

வணக்கம்ங்க. ரொம்ப நாளா இங்க படிக்க மட்டும்தான் செஞ்சேன், எழுதறது இதுதான் மொதல் தடவ. எங்கப்பா 20 வருஷத்துக்கு மேல மனநல டாக்டர்கிட்ட மாத்திர சாப்பிடறாரு, நடுவுல ரெண்டு மூணு தடவ நல்லாகி நிறுத்தி மறுபடி வந்து மறுபடி ஆரம்பிச்சு இப்படியே போகுது. சீட்டுல டிப்ரஷன்னுதான் எழுதிருக்கு. அவரோட அப்பா, எங்க தாத்தா, நான் பொறக்கறதுக்கு முன்னாடியே தன் உயிர தானே முடிச்சுக்கிட்டாரு, அத பத்தி வீட்ல யாரும் வாயே தெறக்கமாட்டாங்க.

இப்ப தங்கச்சிக்கு 26. வரன் வந்திருக்கு, நல்ல எடம், பத்துக்கு ஒம்பது பொருத்தம். பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு எப்பவும் ஃப்ரிட்ஜ் மேல இருக்கற அப்பாவோட மாத்திர டப்பாவ எங்கம்மா எடுத்து பீரோவுக்குள்ள வெச்சு பூட்டிட்டாங்க. அப்பா அத பாத்துட்டு ஒண்ணும் சொல்லல. எனக்குத்தான் ஒரு மாதிரி ஆயிருச்சு.

ரெண்டு கேள்வி. ஒண்ணு, இது நெசமாவே ரத்தத்துல வர்றதா, தங்கச்சிக்கும் எனக்கும் வர்றதுக்கு எவ்ளோ சான்ஸ்? ரெண்டு, மாப்ள வீட்ல சொல்லணுமா? கண்டபடி திட்டாம சொல்லுங்க.

பெருசு_1961

தம்பி தப்பா எடுத்துக்காத, எங்க காலத்துல டிப்ரஷன்ங்கற வார்த்தயே கிடையாது, காலைல நாலு மணிக்கு எந்திரிச்சு மாட்டுக்கு தண்ணி காட்டுனா மனசுல கவல எங்க ஒக்காரும்? இப்ப எல்லாத்துக்கும் ஒரு பேரு, ஒரு மாத்திர. பொண்ணு வீட்டு விஷயத்த வெளிய சொல்லாத, அவ்ளோதான்.

நைட்ஷிப்ட்_நாகமணி

பெருசு அய்யா, வார்த்த இல்லாததால வியாதி இல்லன்னு ஆயிருமா? எங்க ஊர்ல "அவருக்கு புத்தி பேதலிச்சுருச்சு", "காத்து கருப்பு அடிச்சுருச்சு", "ஆளு ஒரு மாதிரி ஒடுங்கிட்டாரு"னு சொன்னதெல்லாம் என்னவாம். கெணத்துல விழுந்தவங்க கத இல்லாத ஊரு எது சொல்லுங்க. மாடு வெச்சிருந்த வீட்லயும்தான் விழுந்தாங்க.

எம்எஸ்சி_பாதியில்

சைக்காலஜி படிக்கறேன், டாக்டர் இல்ல, அத மனசுல வெச்சு படிங்க. மொத கேள்விக்கு மட்டும் பதில்.

ரத்தத்துல வருதான்னா, ஓரளவு ஆமா. இரட்டைக் குழந்தைகள வெச்சு நடந்த ஆராய்ச்சிய எல்லாம் சேத்து 2000ல ஒரு கணக்கு போட்டாங்க, பரம்பரையோட பங்கு சுமாரா 37 சதவீதம்னு வந்துச்சு. இத கேட்டதும் எல்லாரும் "அப்ப எனக்கு வர்றதுக்கு 37 சதவீதம் சான்ஸா"னு கேப்பாங்க, அது இல்ல. ஒருத்தருக்கு வருது இன்னொருத்தருக்கு வரலங்கற வித்தியாசம் இருக்கே, ஜனங்கள மொத்தமா பாத்தா அந்த வித்தியாசத்துல எவ்ளோ ஜீன்ல இருந்து வருதுங்கறதுக்கான நம்பர் அது. தனி ஆளுக்கு பொருத்திப் பாக்க முடியாது. மீதி அறுபத்து சொச்சமும் வாழ்க்கைல நடக்கறது.

உங்களுக்கு வேண்டிய கணக்கு வேற. அப்பா அம்மா இல்ல கூடப்பொறந்தவங்களுக்கு இருந்தா மத்தவங்கள விட ரெண்டுல இருந்து மூணு மடங்கு ரிஸ்க் அதிகம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16ல 12 மாநிலத்துல பெரிய சர்வே எடுத்தாங்க, தமிழ்நாடும் அதுல உண்டு, வாழ்க்கைல எப்பவாவது டிப்ரஷன் வந்த பெரியவங்க 20 பேருக்கு ஒருத்தர்னு வந்துச்சு. அத மூணு மடங்காக்குனாக்கூட 20ல மூணு பேரு, மிச்சம் 17 பேருக்கு வரல. தோராயக் கணக்குதான், பரீட்சைல எழுதுனா சார் அடிப்பாரு, ஆனா பயப்படற அளவுக்கு இல்லன்னு புரியும்.

ஜீன்_ஜிகர்தண்டா (மதுரை)

டிப்ரஷன் ஜீன் கண்டுபுடிச்சாச்சே பாஸ், மூளைல மனநிலையோட சம்பந்தப்பட்ட செரடோனின்னு ஒரு பொருள் இருக்குல்ல, அதோட ஜீன்ல சின்னது பெருசுன்னு ரெண்டு வகை இருக்கும், சின்னது இருந்தா கஷ்டம் வரும்போது டிப்ரஷன் வந்துரும்னு படிச்சேனே. டெஸ்ட்டே இருக்குனு நெனைக்கிறேன், கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்துட்டா முடிஞ்சது.

எம்எஸ்சி_பாதியில்

அது 2003ல வந்த பேப்பர். நியூசிலாந்துல டுனிடின்ங்கற ஊர்ல ஒரே வருஷத்துல பொறந்த கொழந்தைங்கள வளர வளர பின்தொடர்ந்து பாத்த ஆராய்ச்சில இருந்து வந்தது, பயங்கர ஃபேமஸ். ஆனா 2019ல லட்சக்கணக்கான ஆளுங்க டேட்டாவ வெச்சு அந்த மாதிரி பேர் வாங்குன 18 ஜீனையும் சோதிச்சு பாத்தாங்க, சாதாரணமா எடுத்த எந்த ஜீனையும் விட அதுங்க ஒண்ணும் விசேஷமில்லன்னு ஆயிருச்சு. இப்ப தெரிஞ்சது என்னன்னா, நூத்துக்கணக்கான எடத்துல துளித்துளியா இருக்கற வித்தியாசம் எல்லாம் சேந்து கொஞ்சம் தூக்கி விடும், அவ்ளோதான். "டிப்ரஷன் ஜீன் டெஸ்ட்"னு யாராவது காசு கேட்டா குடுத்துறாதீங்க.

வார்டு_அக்கா

அரசு ஆஸ்பத்திரில நர்ஸா இருக்கேன், சைக்கியாட்ரி ஓபில ஆறு வருஷம் ஓடிருச்சு. எம்எஸ்சி தம்பி பரம்பரைய மட்டுமே புடிச்சுட்டு தொங்கறாரு, அதனால எழுதறேன்.

ஓபிக்கு வர்றவங்கள்ல "மனசு சரியில்ல"னு சொல்லி வர்றவங்க கம்மி. தல பாரம், ஒடம்பெல்லாம் அடிச்சுப்போட்ட மாதிரி வலி, நெஞ்சு படபடப்பு, சோறு எறங்கல, காலைல மூணு மணிக்கே முழிப்பு தட்டுது, இதான் சொல்லுவாங்க. நாலு டாக்டர பாத்து ஸ்கேன் எடுத்து எல்லாம் நார்மல்னு வந்தப்புறம்தான் எங்ககிட்ட வந்து சேருவாங்க. அதுக்குள்ள ஒரு வருஷம் போயிருக்கும், கைல இருந்த காசும் போயிருக்கும்.

மொதல்ல நாங்க கேக்கறது, இதுக்கு முன்னாடி இந்த மாதிரி வந்திருக்கா. ஏன்னா இருக்கறதுலயே பெரிய ரிஸ்க் அதுதான், ஒரு தடவ வந்தவங்கள்ல பாதி பேருக்கு இன்னொரு தடவ வரும்னு சொல்லுவாங்க, ரெண்டு மூணு தடவ வந்தவங்களுக்கு அது இன்னும் கூடும். அப்பா "நல்லாகி நிறுத்தி மறுபடி வந்து"னு எழுதிருக்கீங்களே, தானா நிறுத்துனாரா டாக்டர் சொல்லி நிறுத்துனாரான்னு பாருங்க. நல்லா இருக்குன்னு தோணுனப்புறமும் குறைஞ்சது ஆறு மாசம் தொடரணும், பல தடவ வந்தவங்களுக்கு அதவிட ரொம்ப நாள். நெறைய பேரு தெளிஞ்ச ரெண்டாவது மாசமே டப்பாவ தூக்கிப் போட்டுருவாங்க.

அப்புறம் ஒடம்பு. தைராய்டு கம்மியா வேல செஞ்சா சோர்வு, எட கூடறது, எதுலயும் புடிப்பு இல்லாம போறது, பாக்க அப்படியே டிப்ரஷன் மாதிரியே இருக்கும். வைட்டமின் பி12 கொறைஞ்சாலும் ரத்தசோகை இருந்தாலும் அதே கததான். அதனால டி.எஸ்.எச் (தைராய்டுக்கான ரத்த டெஸ்ட், இது ஏறுனா தைராய்டு கம்மியா வேல செய்யுதுன்னு அர்த்தம்), ஹீமோகுளோபின் பாக்காம விடமாட்டோம். சுகர் இருக்கறவங்களுக்கு டிப்ரஷன் அதிகம், ஹார்ட் அட்டாக் வந்து பொழச்சவங்களுக்கு அதிகம், பக்கவாதம் வந்தவங்கள்ல மூணுல ஒருத்தருக்கு வருது. கை கால் வரலயேன்னு அழறாருன்னு வீட்ல விட்டுருவாங்க, அதுக்கும் வைத்தியம் இருக்குனு யாரும் சொல்லிருக்க மாட்டாங்க. ஸ்டீராய்டு மாத்திர ரொம்ப நாள் சாப்பிடறவங்களையும் கவனிக்கணும். குடிய தனியா சொல்ல வேண்டியதில்ல, கவலைக்கு குடிச்சு குடியால கவல, ரெண்டுல எது மொதல்னு புடிக்கவே முடியாது.

பெருசு_1961

சிஸ்டர் சொல்றது ஒடம்பு சம்பந்தப்பட்டது, அது வேற. அத நான் இல்லன்னு சொல்லல. எனக்கே பைபாஸ் ஆச்சு. ஆனா சும்மா இருக்கற பொண்ணுக்கு எப்படி வரும்?

குழுக்கடன்_கோமதி (ஈரோடு பக்கம்)

அய்யா "சும்மா இருக்கற பொண்ணு" யாருங்க? நீங்க பாத்திருக்கீங்களா? நான் இதுவரைக்கும் பாத்ததில்லைங்க.

எனக்கு ரெண்டாவது புள்ள பொறந்தப்ப வந்துச்சு. மொதல்லயும் பொண்ணு, ரெண்டாவதும் பொண்ணு. மாமியா ஆஸ்பத்திரி வாசல்லயே திரும்பிப் போயிட்டாங்க, அவரு தறி நின்னு மூணு மாசம், வாராவாரம் செவ்வாக்கெழம குழுக்கடன் கட்டணும், கட்டலைன்னா மத்த பொம்பளைங்க வாசல்ல வந்து நிப்பாங்க. அழுகைகூட வரலைங்க எனக்கு, அதான் எல்லாரும் நல்லா இருக்கான்னு நெனச்சுட்டாங்க. கொழந்த அழுதா யாரோ வீட்டு கொழந்த அழுவுற மாதிரி கேட்டுட்டு ஒக்காந்திருப்பேன். கிராமத்து செவிலியம்மா தடுப்பூசி போட வந்தவங்கதான் மூஞ்சிய பாத்து கண்டுபுடிச்சாங்க, எங்க வீட்ல இருந்த ஏழு பேருக்கும் தெரியல.

எம்எஸ்சி_பாதியில்

அக்கா நீங்க எழுதுனது அப்படியே ஒரு ஆராய்ச்சில இருக்கு. கோவால மருத்துவர் விக்ரம் பட்டேலும் அவரோட சேந்தவங்களும் பிரசவமான அம்மாக்கள பாத்து 2002ல எழுதுனாங்க, ஆறு எட்டு வாரத்துல பாத்தப்ப 23 சதவீதம் பேருக்கு டிப்ரஷன் இருந்துச்சு. எத எல்லாம் காரணமா பாத்தாங்கன்னா வறுமை, புருஷன் அடிக்கறது, பொறந்தது பொண்ணு. அதுலயும் பாதிக்கு மேல ஆளுங்களுக்கு ஆறாவது மாசத்துலயும் தெளியல. முக்கியமா, அவங்கள்ல முக்கால்வாசிப் பேரு மாசமா இருக்கும்போதே மனசளவுல நல்லா இல்ல. பிரசவத்தால திடீர்னு வந்ததுன்னு சொல்றோமே, பாதி நேரம் அது முன்னாடியே ஆரம்பிச்சது.

பொம்பளைங்களுக்கு ஆம்பளைங்கள மாதிரி ரெண்டு மடங்குனு உலகம் பூரா சொல்ற கணக்கு, வயசுக்கு வர்ற வரைக்கும் அந்த வித்தியாசம் இல்ல, அதுக்கப்புறம்தான் பிரியுது. ஹார்மோன்னு ஒரே வார்த்தைல முடிச்சுருவாங்க. பொண்ணு பொறந்தா வாசல்ல இருந்து திரும்பிப் போற மாமியா எந்த ஹார்மோன்?

ஜீன்_ஜிகர்தண்டா

ஆம்பளைங்க அழமாட்டாங்க, எரிஞ்சு எரிஞ்சு விழுவாங்க இல்லன்னா கடைக்கு போவாங்க, அதனால கணக்குல வர்றதில்ல. எங்க மாமா அப்படித்தான். (ஜீன் டெஸ்ட் மேட்டர் வாபஸ்.)

இயற்கைவழி_மகிழ்ச்சி

[இந்தப் பதிவு நீக்கப்பட்டது. மூலிகைப் பொடி விக்கறவங்க வேற எடம் பாருங்க. நடத்துனர்]

அம்மம்மா_பேரன் (யாழ்ப்பாணம்)

இதில ஒண்டு சொல்லவேணும். ரிஸ்க் எண்டு கதைக்கேக்க தனி ஆளை மட்டும் பாக்கிறீங்கள். எங்கட பக்கம் 2009இல சண்டை முடிஞ்ச கையோட யாழ் மாவட்டத்தில வீடு வீடாய்ப் போய் எடுத்த ஆய்வில 22 வீதமான ஆக்களுக்கு டிப்ரஷன் அறிகுறி இருந்தது, முகாம்களில இருந்த சனத்துக்கு அதைவிடக் கூட. அவ்வளவு பேருக்கும் ஒரே பரம்பரையே? வீடு போச்சுது, ஊர் போச்சுது, பிள்ளை எங்கை எண்டு தெரியாது. செத்துப்போச்சு எண்டா அழுது முடிக்கலாம், காணாமப் போன பிள்ளைக்கு என்னண்டு அழுகிறது? எங்கட அம்மம்மா சாகும்வரைக்கும் மாமாவுக்கெண்டு ஒரு கோப்பை சோறு எடுத்து வைச்சவ. ஒருநாளும் டொக்டரிட்டப் போகேல்லை, நித்திரை இல்லை எண்டு மட்டும் சொல்லுவா.

நைட்ஷிப்ட்_நாகமணி

நித்திரைன்னு சொன்னதும் ஞாபகம் வருது. எட்டு வருஷமா நைட் ஷிப்ட், சென்னைல ஒக்காந்து அமெரிக்காக்காரனுக்கு பதில் சொல்ற வேல. தூக்கம் போறது டிப்ரஷனோட அறிகுறின்னுதான் நெனச்சிருந்தேன், டாக்டர் சொன்னாரு அது மட்டுமில்ல, டிப்ரஷன் இல்லாதவங்களுக்கும் தூக்கமின்மை இருந்தா பின்னாடி டிப்ரஷன் வர்றதுக்கு ரெண்டு மடங்கு வாய்ப்புன்னு. கோழியா முட்டையான்னு கேட்டேன், ரெண்டும் ஒண்ணையொண்ணு அடகாக்கும்னாரு.

இன்னொண்ணு நடக்கறது. நார்வேல ஒரு மாவட்டமே கலந்துக்கிட்ட ஆராய்ச்சில வாரத்துக்கு மொத்தம் ஒரு மணி நேரம் ஒடம்ப அசைச்சா போதும், வர்ற கேஸ்ல 12 சதவீதத்த தவிர்த்திருக்கலாம்னு கணக்கு வந்துச்சாம். ஜிம் எல்லாம் வேணாம், வாரத்துக்கு ஒரு மணி நேரம். ஆனா ஏற்கனவே விழுந்தவன்கிட்ட போய் "வாக்கிங் போ சரியாயிரும்"னு சொல்லாதீங்க, எந்திரிச்சு பல்லு தேய்க்கறதே மலையேறற மாதிரி இருக்கும் அப்ப. அனுபவத்துல சொல்றேன்.

பெருசு_1961

நான் சொன்ன மாட்டுக்கு தண்ணி காட்டறதும் இதானே?

நைட்ஷிப்ட்_நாகமணி

ஹாஹா, சரி அய்யா, 12 சதவீதம் உங்களுக்கு.

தறிச்சத்தம்

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ஒரு விஷயம் நடந்துச்சு, சொல்லணும்.

நேத்து ராத்திரி இந்த இழைய அப்பாவுக்கு படிச்சுக் காட்டுனேன். கோமதியக்கா எழுதுனத கேட்டுட்டு ரொம்ப நேரம் பேசாம இருந்தாரு. அப்புறம் "எனக்கு எப்ப வந்துச்சுன்னு ஒனக்கு தெரியுமாடா"ன்னாரு. நான் தாத்தா போனப்பன்னு நெனச்சேன். இல்லையாம். 2003ல மில்லு மூடுனப்ப. 22 வருஷம் ஸ்பின்னிங்ல இருந்தாரு, ஒரு நாள் கேட்டுல நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. அதுக்கப்புறம் நாலு மாசம் தெனமும் காலைல ஷிப்ட்டுக்கு கெளம்பற மாதிரியே டிபன் பாக்ஸ எடுத்துட்டு போயி பஸ் ஸ்டாண்டுல ஒக்காந்துட்டு சாயங்காலம் வந்திருக்காரு, அம்மாவுக்குக்கூட தெரியாது. மூணாவது மாசத்துல இருந்து டிபன் பாக்ஸ தெறக்கறதே இல்லையாம், பசிக்கலையாம், நாய்க்கு போட்டுட்டு வருவாராம். கூட வேல செஞ்சவங்க எல்லாம் ஆளுக்கொரு பக்கம் போயிட்டாங்க. யார்கிட்டயாவது சொல்லிருக்கலாமேப்பான்னு கேட்டேன், "யார்ரா இருந்தாங்க"ன்னாரு.

எனக்கு அப்ப ஒம்பது வயசு. அந்த வருஷம் அப்பா நெறைய பொரி உருண்ட வாங்கிட்டு வந்தாருன்னு மட்டும்தான் எனக்கு ஞாபகம், பஸ் ஸ்டாண்டுல வாங்குனதுன்னு இப்பத்தான் தெரியுது.

எம்எஸ்சி_பாதியில்

இத படிச்சுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் டைப் பண்ண முடியல.

உங்கப்பா கடைசியா சொன்னதுதான் எங்களுக்கு முதல் செமஸ்டர்லயே வரும். லண்டன்ல கேம்பர்வெல்ங்கற ஏரியால பொம்பளைங்கள வீட்டுக்கே போயி மணிக்கணக்கா பேட்டி எடுத்து ஜார்ஜ் பிரவுன், டிரில் ஹாரிஸ்னு ரெண்டு பேரு 1978ல ஒரு புத்தகம் போட்டாங்க. டிப்ரஷன் வந்தவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அதுக்கு முன்னாடி ஏதாவது பெரிய அடி விழுந்திருந்துச்சு, இழப்பு மாதிரி. ஆனா அடி விழுந்தவங்கள்ல அஞ்சுல ஒருத்தருக்குத்தான் டிப்ரஷன் வந்துச்சு. அப்ப மீதி நாலு பேரு எப்படி தப்புனாங்கன்னு தேடுனா, மனசு விட்டு பேச ஒரு ஆளு இருந்தவங்களுக்கு ரொம்ப கம்மியா வந்திருக்கு. ரிஸ்க்க கூட்டுறதுன்னு அவங்க சொன்ன மத்ததெல்லாம் 11 வயசுக்குள்ள அம்மாவ இழந்தது, வீட்ல மூணோ அதுக்கு மேலயோ சின்னப் புள்ளைங்க, வெளிய வேல இல்லாதது. அது லண்டன் பொம்பளைங்க கத, உங்கப்பா கோவை மில்லுத் தொழிலாளி, ஆனா ரெண்டுக்கும் ஒறவு இருக்கு பாருங்க.

தாத்தாவால கொஞ்சம் சாய்மானம் வந்திருக்கலாம், இல்லன்னு சொல்லல. சாய்ஞ்ச செவுரெல்லாம் விழறதில்ல. மில்லு மூடாம இருந்திருந்தா அப்பாவுக்கு வராமயே போயிருக்கலாம்.

வார்டு_அக்கா

தம்பி அப்பாகிட்ட கேட்டது நல்ல காரியம். ரெண்டு விஷயம் மட்டும். தாத்தா கத வீட்ல இருக்கறதால ஒரு கண்ணு வெச்சுக்கோங்க, "நான் இருந்து என்ன பிரயோஜனம்", "நான் போயிட்டா உங்களுக்கு நிம்மதி" மாதிரி பேச்சு அப்பாகிட்டயோ யார்கிட்டயோ வந்தா நேரா கேளுங்க, சாகணும்னு தோணுதான்னே கேளுங்க, கேட்டா தூண்டி விட்ட மாதிரி ஆயிரும்னு பயப்படாதீங்க, அப்படி ஆகாது. ராத்திரில அவசரம்னா 14416, டெலி மானஸ்ங்கற அரசு மனநல ஹெல்ப்லைன், தமிழ்ல பேசலாம், காசு கெடையாது.

ரெண்டாவது தங்கச்சி. பரம்பரைல இருக்குன்னு தெரிஞ்சதோட ஒரே லாபம் சீக்கிரம் கண்டுபுடிக்கலாம்ங்கறதுதான். ரெண்டு வாரத்துக்கு மேல தொடர்ந்து எதுலயும் புடிப்பில்லாம, தூக்கம் சாப்பாடு மாறி, தன் மேலயே வெறுப்பா இருந்தா பாத்துரணும். கல்யாணமாகி மாசமாகும்போது செக்கப் பண்ற டாக்டர்கிட்ட "எங்கப்பாவுக்கு டிப்ரஷன் உண்டு"னு அந்தப் பொண்ணு சொல்லணும், அதுக்கு புருஷனுக்கும் தெரிஞ்சிருந்தா நல்லது. பீரோவுல பூட்டி வெச்சா அவ அங்க போயும் பூட்டித்தான் வெக்கணும். மாப்ள வீட்டுக்கு சொல்றதும் சொல்லாததும் உங்க குடும்பம் முடிவு பண்றது, அதுல நான் வரல.

பெருசு_1961

நான் இப்பவும் சொல்ல வேணாம்னுதான் சொல்லுவேன். ஊரு அப்படி. நீங்கல்லாம் நல்லவங்க, ஊரு அப்படி இல்ல. ஆனா அந்த மில்லுக்காரர்கிட்ட நான் கேட்டேன்னு சொல்லு தம்பி. எங்க அண்ணனும் மில்லுலதான் இருந்தாரு. அவரு பஸ் ஸ்டாண்டுக்கு போகல, வீட்டுக்குள்ளயே ஒக்காந்துட்டாரு. நாங்க சோம்பேறின்னு பேசிட்டோம்.

குழுக்கடன்_கோமதி

அய்யா 🙏 அண்ணன் இப்ப நல்லா இருக்காருங்களா?

பெருசு_1961

இல்லம்மா. போயி பதினாலு வருஷம் ஆச்சு.

தறிச்சத்தம் (11 நாள் கழிச்சு)

அப்டேட் கேட்டு மெசேஜ் போட்டவங்களுக்கு. தங்கச்சியே மாப்ளகிட்ட போன்ல சொல்லிட்டா, எங்க யார்கிட்டயும் கேக்கல. "எங்கப்பா டிப்ரஷனுக்கு மாத்திர சாப்பிடறாரு, தாத்தா இப்படி போனாரு, எனக்கு ஒண்ணுமில்ல, வந்தா பாத்துக்குவேன்"னு மூணே வரி. அவரு சரிங்க பரவால்லன்னுதான் சொன்னாராம். நாலு நாள் கழிச்சு தரகர் வந்து, அவங்க ஜோசியர்கிட்ட மறுபடி பாத்ததுல ஆறு பொருத்தம்தான் வருதுன்னு சொல்லிட்டு போயிட்டாரு.

அம்மா ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல. தங்கச்சி ஆபீஸ் போயிட்டு வந்துட்டு இருக்கா, நல்லாத்தான் தூங்கறா, கேட்டுட்டேன். வார்டு அக்கா சொன்னீங்கன்னு மூணு பேரும் தைராய்டு பாத்தோம், எனக்குத்தான் டி.எஸ்.எச் அதிகமா 11 இருக்கு, ஒரு வருஷமா நான் சோர்ந்து சோர்ந்து இருந்தது இப்பத்தான் ஒறைக்குது. திங்கக்கெழம டாக்டர பாக்கறேன். டப்பா மறுபடி ஃப்ரிட்ஜ் மேலதான் இருக்கு, அப்பாவே எடுத்து வெச்சுட்டாரு, என் மாத்திரைக்கும் அதுலயே எடம் இருக்குங்கறாரு.

ஜீன்_ஜிகர்தண்டா

எல்லாம் சரி, ஒம்பது பொருத்தம் நாலே நாள்ல ஆறான ஜீன் எதுன்னு யாராவது ஆராய்ச்சி பண்ணுங்கப்பா.